எத்தனை இலை?

விருந்துக்குப் பதிவு செய்யக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் முதலில் கேட்பார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, "எத்தனை இலைங்க?"

"அறுபது பேரு வரோம்."

"டிரைவரு, கிளீனரச் சேத்துங்களா?"

இந்த இடத்தில் பேச்சு கொஞ்சம் நிற்கும். "அவங்க வெளிய பாத்துக்குவாங்க" என்பார்கள் சிலர். "அட, அதை நெனைக்கலையே" என்பார்கள் சிலர். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுவருகிறேன். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் கீற்றுக்கொட்டகை போட்டு, வேனிலும் பஸ்ஸிலும் கூட்டமாக வருகிறவர்களுக்கு இலை போடுவது என் தொழில். காதுகுத்து, மணிவிழா, வளைகாப்பு, கம்பெனிக்காரர்களின் ஒருநாள் சுற்றுலா, பழைய மாணவர் சந்திப்பு என்று எல்லாம் எங்கள் தோப்பில் நடந்திருக்கிறது. தனியாக வந்து ஒரு சாப்பாடு சாப்பிட்டுப் போகும் ஓட்டல் அல்ல எங்களுடையது. பத்து இலைக்குக் குறைந்தால் அடுப்பு மூட்டுவதில்லை.

அம்மா உப்பளத்தில் வேலை செய்தவர். தையில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தத் தொடங்கினால் ஐப்பசி மழை இறங்கும்வரை கூலி உண்டு. விடிவதற்கு வெகுநேரம் முன்பே போய், வெயில் ஏறுவதற்குள் வாருபலகையால் உப்பை வாரிக் கரையேற்றி, பத்து மணிக்கு வீடு திரும்புவார். மழைக்கால மூன்று மாதமும் கடன்தான். 1986 ஐப்பசியில் அப்படியொரு கடன்காலத்தில், பதினான்கு வயதில், திண்டிவனம் பக்கத்து சமையல் மாஸ்டர் ஒருவரிடம் என்னை எடுபிடியாக விட்டார்கள். மூன்று வேளைச் சோறு, வேலை உள்ள நாளுக்கு ஐந்து ரூபாய்.

அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஊர்கூடிச் சாப்பிடுவதென்றால் கோயிலும் கல்யாணமும்தான். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, அரிசி நொய் வெந்ததும் மாவை விட்டுத் துடுப்பால் கிண்ட வேண்டும். அண்டாவின் அடியில் கை நின்றால் கட்டி தட்டிவிடும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். திரௌபதி அம்மன் தீமிதி முடிந்தால் ஊருக்கெல்லாம் சோறு. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினால் பங்காளிகள் அத்தனை பேரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவார்கள். ஓட்டலுக்குக் குடும்பத்தோடு போவது என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாத காரியம்.

மாஸ்டரிடம் நான் தொழிலைக் கற்றேன். கூடவே வேறொன்றையும் பார்த்தேன். கல்யாணப் பந்தலுக்குப் பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி, மேளம் அடித்தவர்களும் பந்தல் போட்டவர்களும் காலனியிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் நிற்பார்கள். நாலு பந்தி முடிந்து, வீட்டுக்காரர்களும் சாப்பிட்ட பிறகு, மிச்சத்தை அவர்களுடைய பாத்திரத்தில் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றுகிற வேலை எடுபிடிப் பையனுக்கு, அதாவது எனக்கு. அப்பளம் அதற்குள் தீர்ந்திருக்கும். பாயசம் அடியில் ஒட்டிக் கிடக்கும். பாத்திரம் நீட்டியவர்களில் ஒருநாள் அம்மாவோடு உப்பளத்தில் வேலைசெய்த பெரியம்மா ஒருவர் நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அரை நிமிஷம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

பதினேழு வருஷம் அந்த மாஸ்டரோடும் பிறகு தனியாகவும் ஊர் ஊராகப் போய்ச் சமைத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலைதான் என்னை ஒரே இடத்தில் உட்காரவைத்தது. அதற்கு முன் சென்னைக்காரர்கள் புதுச்சேரி போவதென்றால் திண்டிவனம் வழிதான். எங்கள் ஊரை எட்டிப் பார்க்க மாட்டார்கள். சாலையை அகலப்படுத்திச் செப்பனிட்டு, 2002-ல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கிய பிறகு சனி, ஞாயிறுகளில் வேன்கள் வரிசையாகப் போகத் தொடங்கின. சென்னையிலிருந்து எங்களுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். காலை ஏழுக்குக் கிளம்பி, ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்து, படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் மரக்காணத்தில் சரியாகப் பசிக்கும். 2003 கோடையில் கொட்டகை போட்டேன். நான்கு வரிசை, வரிசைக்கு இருபத்தைந்து இலை.

அந்த வருஷம் ஆகஸ்டில் அரசாங்கம் 1950-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று கடுமையாக உத்தரவு போட்டது. கிடாவெட்டுக்கு நாள் குறித்திருந்த குடும்பங்கள் தவித்துப்போயின. சாமிக்குப் பொங்கல் மட்டும் வைத்துவிட்டு, கறிச்சாப்பாட்டுக்கு எங்கள் தோப்புக்கு வந்தார்கள். 2004-ல் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள், கோயில்களில் பழையபடி வெட்டினார்கள். ஆனால் ஒருமுறை தோப்புக்கு வந்து பழகியவர்களில் பாதிப் பேர் விருந்தை எங்களிடமே வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் சுமக்க வேண்டாம், பாத்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டாம், வீட்டுப் பெண்கள் அன்று ஒருநாளாவது இலைக்கு முன்னால் உட்காரலாம். அவர்கள் சொன்ன காரணம் இதுதான்.

அந்த முதல் வருஷத்தில்தான் என் கேள்வியும் பிறந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஐம்பத்திரண்டு பேர் இரண்டு வேனில் வந்தார்கள். ஏற்பாட்டாளர், "டிரைவருங்களுக்குத் தனியா எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். நான் புதுக் கடைக்காரன்; வாய் திறக்கவில்லை. பந்தி முடிந்ததும் மனசு கேட்காமல், மிஞ்சிய சோற்றையும் மீன் குழம்பில் கிடந்த வால் துண்டுகளையும் இரண்டு பொட்டலமாகக் கட்டி, புன்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்த டிரைவர்களிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மா அன்று எங்கள் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தனக்கென்று போட்டிருந்த இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு எழுந்துபோய், அந்த இரண்டு பேருக்கும் எதிரே மரத்தடி மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரம் நீட்டிய பெரியம்மாவின் முகம் எனக்கு நினைவு வந்தது. பந்தலுக்கு வெளியே நிற்கவைக்கிற அதே வேலையை, என் சொந்தக் கொட்டகையில், என் கையாலேயே செய்திருந்தேன்.

மறுநாளிலிருந்து வண்டியோடு வந்தவர் அத்தனை பேருக்கும் முதல் பந்தியில் இலை. காசு சேர்த்துத் தராவிட்டாலும் இலை உண்டு. சாப்பிட்டபின் டிரைவர்கள் கண்ணயர மூன்று கயிற்றுக்கட்டில் போட்டேன். இதில் தர்மம் மட்டுமில்லை. நாற்பது உயிரைச் சுமந்துகொண்டு மாலை இருட்டில் அந்தச் சாலையில் திரும்பிப் போகிறவர், இருக்கிறவர்களிலேயே நன்றாகச் சாப்பிட்டு அரைமணி தூங்க வேண்டியவர். வேறெங்கோ சாப்பிடப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய ஒரு வேன், டிரைவர் பட்டினியோடு கண் அசந்ததில், சாலையை விட்டுச் சவுக்குத் தோப்பில் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். உயிர்ச்சேதம் இல்லை. கை கட்டோடு வந்த அந்த டிரைவர் எங்கள் கொட்டகையில்தான் அன்று சாப்பிட்டார்.

தொழிலின் சூட்சுமத்துக்கு வருகிறேன். வீட்டுச் சமையலுக்கு ருசி போதும். கூட்டச் சமையலில் ருசி பாதிதான், மீதி நேரம். நூறு பேருக்கு நல்ல மீன் குழம்பு வைக்க இந்தக் கடற்கரையில் நூறு பெண்கள் இருக்கிறார்கள். நூறு பேர் கைகழுவி உட்காரும் நேரத்தில் சோற்றில் ஆவி பறக்கவைப்பதுதான் கஷ்டம். பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்ன வேன் இரண்டேகாலுக்கு வரும். முன்பே வடித்தால் சோறு விறைத்துவிடும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அரிசியைக் களைந்து ஊறவைத்து, உலைநீரைக் கொதியில் வைத்திருப்பேன். வடக்கேயிருந்து வருகிறவர்கள் கடப்பாக்கம் தாண்டியதும் போன் செய்ய வேண்டும். புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் அனுமந்தையில். போன் வந்ததும் அரிசி உலையில் விழும். அவர்கள் இறங்கி, கால் நீட்டி, முகம் கழுவி, குழந்தைகளைத் தேடிப் பிடித்து உட்காரும்போது கஞ்சி வடிந்திருக்கும். மீன் வறுவலுக்கு முதல் துண்டு கல்லில் விழுவது, வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான்.

கைபேசி எல்லாரிடமும் இல்லாத முதல் இரண்டு வருஷம் கடப்பாக்கத்துப் பொதுத் தொலைபேசிக் கடைக்காரருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து வைத்திருந்தேன். வேன் கண்ணாடியில் ஒட்டிய கம்பெனிப் பெயரைப் பார்த்து அவர் எனக்குத் தகவல் சொல்வார்.

கணக்கு இப்படி. சாம்பார், ரசம், மோர் என்று சைவம் மட்டுமென்றால் நூறு இலைக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி. மீன் குழம்பு என்றால் பதினான்குக்குக் குறையாது. குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் பதினைந்தும் போகும். வஞ்சிரம் ஆளுக்கு ஒரு துண்டு போட, தலையும் குடலும் போக, முழு மீனாகப் பதினான்கு கிலோ வாங்க வேண்டும். பரிமாற, பன்னிரண்டு இலைக்கு ஓர் ஆள். அதற்குமேல் கொடுத்தால் கடைசி இலைக்காரர் ரசத்துக்குக் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். இலையில் கை காய்ந்தால் விருந்து கெட்டது என்று எங்கள் மாஸ்டர் சொல்வார். ஆண்கள் மட்டும் வரும் கூட்டத்தைவிடக் குடும்பக் கூட்டத்துக்கு மோர் கூடுதலாக வேண்டும். பழைய மாணவர்கள் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். அவர்கள் பந்தி ஒருமணி நேரம் நீளும், அப்பளம் இரண்டு மடங்கு ஆகும்.

அடுப்பை எங்கே வைப்பது என்பதை நான் ஒரு துக்கத்திலிருந்து கற்றேன். 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப்பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அங்கேயும் கீற்றுக் கூரைதான். அதுவரை என் அடுப்பு கொட்டகையின் கிழக்கு ஓரத்தில், பதினைந்து அடி தள்ளி இருந்தது. எங்கள் ஊரில் கடல்காற்று மதியத்தில்தான் ஏறும். சவுக்கு விறகின் பொறி நேரே கூரையை நோக்கிப் பறக்கும். இத்தனை நாள் எதுவும் ஆகாதது என் அதிர்ஷ்டம். மறுவாரமே அடுப்பை மேற்கே, அறுபது அடி தள்ளி மாற்றினேன். அதற்குத் தகர ஓடு. கொட்டகைக்கு ஒரு வாசல் இருந்ததை நான்காக்கினேன். சுவர் வேண்டவே வேண்டாம் என்று இடுப்பளவு மூங்கில் தட்டியோடு நிறுத்திவிட்டேன். காற்று வாங்க வசதியாக இருக்கிறது என்று வருகிறவர்கள் மகிழ்வார்கள். அந்தத் தட்டிகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பது எனக்குத் தெரியும்.

அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணிவிழாவுக்கு நூற்று நாற்பது இலை. காலை எட்டரைக்குப் பருப்பு வெந்து, காய்கள் நறுக்கி முடித்திருந்தோம். ஒன்பது மணி வாக்கில் குப்பத்துச் சனம் கிழக்கேயிருந்து ஓடிவந்தது. ஈரத் துணியோடு, கையில் பிள்ளைகளோடு. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. அன்று எத்தனை இலை என்று நான் எண்ணவில்லை. இருந்த அரிசி எல்லாம் உலைக்குப் போனது. விழாக் குடும்பத்தார் பகலில் எப்படியோ தொடர்பு கொண்டார்கள். "எங்க சாப்பாட்டை அங்கயே அவங்களுக்குப் போட்டுடுங்க" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். இரண்டு வாரம் கழித்து ஆள் அனுப்பி முழுத் தொகையையும் கொடுத்தார். அவர் பேரன் பேத்திகளின் காதுகுத்தெல்லாம் பிறகு எங்கள் தோப்பில்தான் நடந்தது.

அதன்பிறகு சில மாதம் தமிழ்நாட்டில் மீன் சாப்பிடவே ஆட்கள் பயந்தார்கள். கடலில் போன உடல்களை நினைத்து, மீன் என்றாலே முகம் சுளித்தார்கள். உயிர் பிழைத்த மீனவர்கள் பிடித்துவந்த மீனுக்கும் விலை இல்லாமல் போன கொடுமையை நான் கரையில் நின்று பார்த்தேன். எங்கள் இலையில் நாட்டுக்கோழி வந்து உட்கார்ந்தது அப்போதுதான். இன்றைக்கு எங்களிடம் வருகிற கூட்டத்தில் பாதி, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தும் கோழிக் குழம்புதான் கேட்கிறது.

மீனிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு இது 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து கூட்டினார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம், தேவையான தடைதான். ஆனால் பள்ளிக்கூட விடுமுறையும் அதே நாட்களில் வருகிறது. வருஷத்தில் எங்களுக்குக் கூட்டம் அதிகமான இரண்டு மாதம் அது. அப்போது வஞ்சிரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு, எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ தெரியாத மீனை வாங்கிப் போட நான் சம்மதிப்பதில்லை. எக்கியார்குப்பத்திலிருந்தும் கைப்பாணிக்குப்பத்திலிருந்தும் நாட்டுப்படகுகள் கொண்டுவருவதை வாங்குவேன். சங்கரா, காரப்பொடி, நெத்திலி, கழுவெளி ஏரியின் உப்பங்கழிப் பக்கம் கிடைக்கும் கொடுவா, மடவை, நண்டு. மடவை மீனைப் புளி குறைத்து மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் வஞ்சிரத்தைக் கேட்டவர்களே இரண்டாம் முறை ஊற்றச் சொல்வார்கள். சித்திரையில் மாங்காயும் அந்த மீனும் சேர்ந்தே கிடைக்கின்றன.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் மரக்காணத்துச் சமையல்காரன் முடிக்க முடியாது. எங்கள் மாஸ்டரின் சட்டம்: ஒரு அடுப்படியில் உப்புப் போடும் கை ஒன்றுதான். எத்தனை அடுப்பு எரிந்தாலும் அந்த ஒரு கை. நான் கற்றதெல்லாம் கல்லுப்பில். கொட்டகைக்கு எதிரே அம்பாரமாகக் குவிந்து கீற்றுப் போர்த்திக் கிடக்கும் அதே உப்பு. 2006 மே மாதத்திலிருந்து அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று விதி வந்தது. காரணம் நியாயமானது, தாயின் வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும். உப்பு விளையும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, பொட்டலத்தில் வந்த தூளுப்பைப் பிரித்துக் கொட்டத் தொடங்கினோம்.

அப்போது நேர்ந்த தவறு என்னுடையது. ஒரு முகூர்த்த நாளில் இருநூற்றைம்பது இலை. நான் மீன் வாங்கப் போயிருந்தேன். சாம்பாருக்கு உப்புப் போடச் சொல்லி உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் நான் எப்போதும் அளக்கும் அதே கிண்ணத்தால் அளந்திருக்கிறார். கல்லுப்புக்குள் இடைவெளி உண்டு, தூளுப்பில் கிடையாது. அதே கிண்ணம் தூளைப் பிடிக்கும்போது எடை ஏறிவிடும். சாம்பாரை நாக்கில் வைக்க முடியவில்லை. உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுக்கும் என்பார்கள். அந்த அளவுக்கு அதெல்லாம் உதவாது. பாதியை எடுத்து ஒதுக்கிவிட்டு, ஆறு கிலோ பருப்பை உப்பில்லாமல் வேகவைத்து, புளியும் காயும் புதிதாகப் போட்டுச் சரிசெய்தோம். பந்தி நாற்பது நிமிஷம் தள்ளிப்போனது. விழா வீட்டுக்காரரிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து உப்பைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறோம். மீன் வாங்க வேறு ஆள் போகிறார்.

தண்ணீரும் எங்கள் ஊரில் உவர். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் குழையாது, சோறு வெளுக்காது. மேற்கே செம்மண் பூமியின் கிணற்றிலிருந்து டேங்கரில் வரவழைக்கிறோம். நூறு இலைக்கு, சமைக்கக் குடிக்க மட்டும் அறுநூறு லிட்டர் ஆகிறது. என் செலவுக் கணக்கில் விறகைவிடத் தண்ணீர் மேலே நிற்கிறது.

ஒருமுறை தமிழாசிரியர்கள் முப்பது பேர் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர்களில் மூத்தவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "தம்பி, உங்க தொழிலுக்கு ஒரு பாட்டு இருக்கு, தெரியுமா?" என்றார். சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு எங்களுக்கு வடக்கே கூப்பிடு தூரம். கடப்பாக்கம் அதில்தான் இருக்கிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினம் போனால் கள்ளும், சுட்ட உலர்ந்த குழல் மீனும் கிடைக்கும். வேலூரில் புளிச்சோறும் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். அந்த எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்றும், வேலூர் நம் உப்புவேலூர் என்றும், கிடங்கில் என்ற கோட்டை திண்டிவனத்தில் இருக்கிறது என்றும் அவர் விளக்கினார். உமணர்களின் உப்பு வண்டியும் அதில் வருகிறதாம். கூட்டமாக வழிநடந்து வருகிறவர்கள் எங்கெங்கே என்ன சாப்பிடலாம் என்று எங்கள் ஊரைச் சொல்லிப் பாடியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவர் சொன்ன இன்னும் இரண்டு செய்திகளை நான் மறக்கவில்லை. அரசன் பொன் பாத்திரத்தில் சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடவில்லை. தானே நின்று ஊட்டினான். வழியனுப்பும்போது தேர் கொடுத்தான். அதை இழுக்கும் காளையோடு, ஓட்டும் ஆளையும் சேர்த்துக் கொடுத்தான். பாட்டில் வண்டியோட்டிக்கும் இடம் இருக்கிறது. நான் எழுந்துபோய் அவர்கள் வந்த பஸ்ஸின் டிரைவரைப் பார்த்தேன். கயிற்றுக்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது சாலை நெடுக எங்களைப் போன்ற இடங்கள் பெருகிவிட்டன. வாசலில் வண்டிச் சக்கரம், உள்ளே அரிக்கேன் விளக்கு, சுவரில் முறம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றில் சில இடங்களில் நல்ல சாப்பாடும் போடுகிறார்கள். என் வருத்தம் வரிசையில் நின்று தட்டில் எடுத்துக்கொள்ளும் முறையைப் பற்றி. பரிமாற ஆள் வேண்டாம், இலை வேண்டாம், நேரம் மிச்சம் என்கிறார்கள். எனக்கும் ஆள் கிடைப்பதில்லை; பரிமாறிய பையன்கள் ஒரகடத்துக் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் வயதானவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பதையும், ஒரு குடும்பம் ஆளுக்கு ஒரு மூலையில் நின்று சாப்பிடுவதையும் விருந்து என்று ஏற்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்ன சாப்பிடவில்லை என்பது நமக்குத் தெரியும். பேசாத பங்காளிகள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மோர் வருவதற்குள் பேசிவிட்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்போது பரிமாற உப்பளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், முக்கியமாக ஐப்பசி முதல் மார்கழி வரை, பாத்தியில் வேலையில்லாத மாதங்களில். பரிமாறும் பெண்களைப் பார்த்து ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்கள் கையால் சாப்பிட்ட பிறகு அடங்கிவிட்டார்கள்.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது எங்களுக்கு மாற்ற வேண்டியது தண்ணீர்க் குவளை மட்டும்தான் இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எட்டு மாதம் அடுப்பு எரியவில்லை. மறுபடி எரியத் தொடங்கிய நவம்பரில் நிவர் புயல் எங்கள் கரையில் ஏறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. எங்கள் கொட்டகையின் கூரை முழுதும் தோப்புக்குள் கிடந்தது. எதிரே கரையிலிருந்த உப்பு அம்பாரங்களில் பல கரைந்து, வெறும் கீற்று தரையில் படிந்து கிடந்ததைப் பார்த்து அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. உப்பளத்தை விட்டு இருபது வருஷம் ஆகியும் அந்த உப்பு அவருக்குச் சொந்தம்.

கூரையைத் திரும்ப வேய்ந்தோம். அதே நான்கு வரிசை, வரிசைக்கு இருபத்தைந்து இலை. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனதிலிருந்து தை, மாசியில் பறவை பார்க்க வருகிறவர்களும் எங்களிடம் இலைக்குச் சொல்கிறார்கள். தொழில் நடக்கிறது. மகள் கணக்கைப் பார்த்துக்கொள்கிறாள், உப்பையும் அவள்தான் நிறுக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்கள் எங்களிடமே வர வேண்டும் என்பதில்லை. எந்த ஊருக்கு, எந்தத் தோப்புக்கு விருந்துக்குப் போனாலும் சரி. எத்தனை இலை என்று கேட்டால், வண்டி ஓட்டி வருகிறவரையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள்.